கண்ணைக் கட்டிட்டு படிக்க வைக்கிறோம்னு வர்றவங்களுக்கு ஹால் குடுக்கற பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தனியார் பள்ளி தாளாளர்கள், ஹெச்.எம்.கள், பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகள் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

முழு ஆண்டு பரீட்சை முடியப் போகுது. இன்னும் கொஞ்ச நாள்ல சம்மர் கேம்ப் நோட்டீஸ் எல்லாம் பசங்க டைரிக்குள்ள மடிச்சு வெச்சு வீட்டுக்கு வர ஆரம்பிச்சுடும். நீச்சல், செஸ், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, இதுல எல்லாம் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அந்த லிஸ்ட்ல ஒண்ணு இருக்கும் பாருங்க, மிட் பிரைன் ஆக்டிவேஷன்னு, சில ஊர்ல மூன்றாவது கண் பயிற்சின்னு, இன்னும் சில இடத்துல உள்ளுணர்வு வகுப்புன்னு, பேரு மட்டும் மாறிட்டே இருக்கு, சரக்கு ஒண்ணு தான். ரெண்டு நாள் கிளாஸ், ஆயிரக்கணக்குல ஃபீஸ், முடிச்சதும் உங்க குழந்தை கண்ணைக் கட்டிட்டு புக் படிக்கும், கலர் சொல்லும், சைக்கிள் ஓட்டும்னு சொல்றாங்க. தயவுசெஞ்சு இந்த வருஷம் இதுக்கு உங்க ஹாலைக் குடுக்காதீங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

அமானுஷ்யம் இருக்கா இல்லயான்னு விடிய விடிய பேசலாம். பேயைப் பார்த்தேன்னு சொல்றவர்கிட்ட போய் நிரூபிங்கன்னு கேட்டா அது எப்ப வரும்னு அவருக்கே தெரியாது, நாம என்ன பண்ண முடியும், நம்பறவங்க நம்புவாங்க, நம்பாதவங்க நம்ப மாட்டாங்க, அந்தப் பேச்சு அப்படியே போயிட்டு இருக்கும். இது அப்படி இல்லங்க. கண்ணு இல்லாம பார்க்க முடியும்னு ஒரு ஆள் சொல்றாரு, அதை மேடை போட்டு தினமும் செஞ்சு காட்டறேன்னும் சொல்றாரு, அப்போ அது உண்மையா இல்லயான்னு அஞ்சு நிமிஷத்துல ஒரு அட்டைத் துண்டை வெச்சே பார்த்துடலாம். பார்க்கறதுக்கு இவ்வளவு லேசான ஒரு விஷயத்தை யாருமே பார்க்காம நூத்துக்கணக்கான அப்பா அம்மா முன்னாடி உங்க பள்ளி பேரோட மேடை ஏத்தறீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல.

எங்க ஏரியால ஒரு ஸ்கூல்ல நடந்த டெமோவுக்கு நான் போயிருந்தேன். மூளைப் படம் போட்ட ஸ்லைடு, பெரிய ஸ்பீக்கர்ல மியூசிக், அப்புறம் ஒம்பது பத்து வயசு இருக்கற ஒரு பையனை மேடைல உக்கார வெச்சு, உள்ள ஸ்பாஞ்ச் வெச்ச கறுப்புத் துணியைக் கட்டினாங்க. கூட்டத்துல ஒரு அம்மாவைக் கூப்பிட்டு கட்டு இறுக்கமா இருக்கான்னு தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க, அவங்களும் ஆமான்னாங்க. பையன் கைல கலர் கார்டு குடுத்தாங்க. அவன் அதைத் தேய்ச்சான், மோந்து பார்த்தான், கன்னத்துல வெச்சான், எல்லாம் செஞ்சிட்டு ஒவ்வொரு தடவையும் கார்டு கடைசில வந்து நின்ன இடம் ஒண்ணு தான், தாடைக்குக் கீழ, நெஞ்சுக்கு நேரா. அப்ப அவன் தாடை லேசா மேல தூக்கும், தலை கொஞ்சம் பின்னாடி சாயும், உடனே "மஞ்சள்"னு சொல்லுவான், ஹாலே கை தட்டும். எல்லாரும் அந்தத் துணியைப் பார்த்துட்டு இருந்தாங்க, நான் தாடையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். முன் வரிசைல ஒரு பெரியவர் எந்திரிச்சு, தம்பி, கார்டை நெத்திக்கு நேரா பிடிச்சு சொல்லச் சொல்லுங்கன்னார். அதெல்லாம் அடுத்த லெவல்ல தான் வரும் சார்னு டிரெயினர் சொல்லிட்டு மைக்கை அடுத்த பக்கம் கொண்டு போயிட்டார். அவ்வளவு தான், யாரும் மறுபடி கேக்கல.

காரணம் ரொம்ப சாதாரணம். நம்ம மூக்கு முன்னாடி நீட்டிட்டு இருக்கு, கன்னம் உள்ள போகுது, எந்தத் துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்குக்கு ரெண்டு பக்கமும் ஒரு சின்ன சந்து விழும். கண்ணைக் கீழ இறக்கினா அந்த சந்து வழியா மடியில இருக்கறது தெரியும். சந்தேகமா இருந்தா இன்னிக்கு வீட்லயே ஒரு துப்பட்டாவை எடுத்துக் கட்டிட்டு குனியாம கீழ பாருங்க, பேப்பர் தலைப்பு படிக்க வருதான்னு நீங்களே சொல்லுங்க. வெளிய இருந்து தொட்டுப் பார்க்கற அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

இது ஒண்ணும் புதுசும் இல்லங்க. காஷ்மீர்ல பொறந்த குடா பக்ஸ்ங்கற மேஜிக்காரர் 1930கள்லயே லண்டன்லயும் அமெரிக்காலயும் கண்ணு மேல மாவை அப்பி, பஞ்சு வெச்சு, தலை முழுக்க கட்டு போட்டுட்டு படிச்சுக் காட்டினார், நியூயார்க் ரோட்ல சைக்கிள் கூட ஓட்டினவர் அவர். மேஜிக் தொழில்ல இருக்கறவங்களுக்கு அந்த மூக்கு சந்து அப்பவே தெரிஞ்ச சங்கதி. அதுக்கப்புறம் 1960கள்ல சோவியத் யூனியன்ல ரோஸா குலேஷோவான்னு ஒரு பெண் விரல் நுனியால எழுத்து படிக்கறாங்கன்னு உலகம் பூரா பத்திரிகைல வந்துச்சு. விஞ்ஞானிங்களே கண்ணைக் கட்டி டெஸ்ட் பண்ணிட்டு ஆச்சரியப்பட்டாங்க. 1966ல மார்ட்டின் கார்ட்னர்ங்கற அமெரிக்க எழுத்தாளர் சயன்ஸ்ங்கற ஆய்வுப் பத்திரிகைலயே ஒரு கட்டுரை எழுதினார், இந்த டெஸ்ட் எல்லாம் செல்லாது, கண்கட்டு எதுவா இருந்தாலும் மூக்கு வழியா எட்டிப் பார்க்கலாம், உண்மையா சோதிக்கணும்னா தலை முழுசா மூடற மாதிரி லேசான அலுமினியப் பெட்டியைத் தோள் மேல உக்கார வைங்கன்னு. அவ்வளவு படிச்ச விஞ்ஞானிங்களே ஏமாந்தாங்கன்னா ஒரு ஸ்கூல் ஹால்ல உக்காந்திருக்கற அப்பா அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கட்டுரை வந்து கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஆச்சு, இன்னும் அதே துணி, அதே தாடை.

சீனால நடந்தது இதைவிட மோசம். 1979ல சிச்சுவான்ல ஒரு 12 வயசு பையன் காதால எழுத்து படிக்கறான்னு அங்க பேப்பர்ல வந்துச்சு, பார்த்தா கொஞ்ச நாள்ல நாடு முழுக்க பல ஊர்ல குழந்தைங்க காதால படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, பெரிய பெரிய விஞ்ஞானிங்க கூட ஆதரிச்சாங்க. 1988ல மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியும் இருந்த ஒரு குழு அங்க போய் ஒழுங்கா கட்டுப்பாடு வெச்சு சோதிச்சப்போ எந்தக் குழந்தைக்கும் வரல, மூடிக் குடுத்ததைப் பிரிச்சுப் பார்த்தது தான் தெரிஞ்சுது. ஒரு பையன்கிட்ட ஆரம்பிச்சு எத்தனை குழந்தைங்க பெரியவங்களை சந்தோஷப்படுத்தறதுக்காக இந்தப் பழக்கத்துக்கு வந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம பக்கமும் கேக்காம விட்டவங்க இல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரில பாடம் நடத்தின பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963ல அமானுஷ்ய சக்தியை நிரூபிச்சா ஒரு லட்சம் ரூபாய் தரேன்னு இலங்கைல இருந்து சவால் விட்டார், அவர் லிஸ்ட்ல இருந்த ஒண்ணு, சீல் வெச்ச கவருக்குள்ள இருக்கற ரூபாய் நோட்டோட நம்பரைப் படிக்கணும். 1978ல அவர் சாகற வரைக்கும் அந்தப் பணத்தை யாரும் வாங்கல. நம்ம கோயம்புத்தூர் போத்தனூர்ல இருந்த பிரேமானந்தும் ஒரு லட்சம்னு சொல்லி ஊர் ஊரா போய் சாமியார்ங்க செய்யறதை எல்லாம் பசங்க முன்னாடி செஞ்சு காட்டி எப்படின்னும் சொல்லிக் குடுத்தார், 2009ல போய்ச் சேர்ந்துட்டார், அதையும் யாரும் ஜெயிக்கல. ராண்டி இதே மாதிரி 1964ல ஆயிரம் டாலர்ல ஆரம்பிச்ச பரிசு 1996ல பத்து லட்சம் டாலர் ஆச்சு, ஆயிரத்துக்கு மேல விண்ணப்பம் வந்துச்சு, 2015ல முடிக்கற வரைக்கும் முதல் கட்ட சோதனையைத் தாண்டினவங்க ஒருத்தர் கூட இல்ல. இதுல எந்தச் சோதனையும் போறவங்க சம்மதம் இல்லாம வைக்கல. கண்ணைக் கட்டிட்டு படிக்கத் தெரிஞ்ச ஒரே ஒரு குழந்தை இருந்திருந்தா கூட அந்தப் பணம் எப்பவோ போயிருக்கும்.

அடுத்தது அந்த மிட் பிரைன், அதாவது நடுமூளை. அது சுமார் ரெண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கற ஒரு சின்னப் பகுதி, மூளைத்தண்டுல இருக்கு. கண்ணு அசையறது, வெளிச்சம் பட்டா கண் பாப்பா சுருங்கறது, சத்தம் கேட்டா தலை திரும்பறது, முழிச்சுட்டு இருக்கறது, இதுக்கெல்லாம் அது வேணும். அங்க இருக்கற, டோபமின்ங்கற வேதிப்பொருளைச் சுரக்கற செல்லுங்க செத்துப் போறதால தான் பார்க்கின்சன் நோய் வருது. நம்ம எல்லாருக்கும் பொறந்ததுல இருந்து அது வேலை செஞ்சுட்டு தான் இருக்கு. தூங்கிட்டு இருக்கற நடுமூளையை ரெண்டு நாள்ல மியூசிக் போட்டு எழுப்பறோம்னு மேடைல சொல்றப்போ, உங்க பயாலஜி டீச்சர் அந்த ஹால்ல தான் உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

கேள்வி கேட்டா வர்ற பதில் எனக்கு மனப்பாடம். சந்தேகப்படறவங்க இருந்தா எனர்ஜி தடைபடும், அறிவியலுக்கு இதெல்லாம் எட்டாதுன்னு. அறிவியலுக்கு எட்டாதுன்னா ஸ்லைடுல எதுக்கு மூளைப் படம்? சரி, எனர்ஜினே வெச்சுக்குவோம், கண்ணால பார்க்கலன்னா ஹால் லைட்டை அணைச்சா என்ன ஆகப் போகுது, இருட்டுலயும் அதே மாதிரி படிக்கணும்ல? அதுக்கு மட்டும் ஒத்துக்கவே மாட்டாங்க.

இன்னொண்ணு, இதைக் கேக்கறப்போ எனக்கு நிஜமாவே கோபம் வரும். கண்ணு இல்லாம படிக்க முடியும்னா முதல்ல எங்க போயிருக்கணும்? பூந்தமல்லில பார்வையற்ற குழந்தைங்களுக்கு அரசு பள்ளிக்கூடம் இருக்கு, அங்க போயிருக்கணும். பிரெய்ல் புத்தகம் கிடைக்காம, பரீட்சைல சொல்லச் சொல்ல எழுதித் தர்ற ஆள் (ஸ்கிரைப்) கிடைக்காம அலையற பிள்ளைங்களுக்குல்ல இது முதல்ல வேணும்? அங்க போக மாட்டாங்க, நல்லா கண்ணு தெரியற, ஃபீஸ் கட்டற குழந்தைங்களுக்கு மட்டும் தான் இந்த சக்தி வரும்.

என் தங்கச்சி பையன் இந்த கிளாஸ் போனவன். வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்தா கண்ணைக் கட்டி உக்கார வெச்சுடுவாங்க, அவனும் நோட்டு நம்பர் எல்லாம் சொல்லுவான். ஒரு நாள் நான் அவன் தாடைக்குக் கீழ ஒரு பேப்பரை நீட்டிப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "இன்னிக்கு வரல பெரியம்மா"ன்னான். எல்லார் முன்னாடியும் நான் ஒண்ணும் கேக்கல. அப்புறம் தனியா மாடில துணி மடிச்சுட்டு இருக்கறப்போ அவனே வந்து சொன்னான், "மூக்குக்கிட்ட கொஞ்சம் வெளிச்சம் தெரியும் பெரியம்மா, அதுதான் மூளைல திறக்கற ஸ்கிரீன், அதை வெளிய சொன்னா சக்தி போயிடும்னு சார் சொன்னாரு, நான் சொல்லிட்டேனே, போயிடுமா?" அந்தக் குழந்தை பொய் சொல்லலங்க. எட்டிப் பார்க்கறதுக்கு சக்தின்னு பேரு வெச்சு, அதை மறைக்கவும் சொல்லிக் குடுத்து, அப்பா கட்டின பணத்தோட பாரத்தையும் அது தலைல ஏத்தி வெச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவன் முகத்துல இருந்த பயத்தை நான் பார்த்தேன், சக்தி போயிடுச்சுன்னு அப்பா திட்டுவாரேன்னு தான் அந்தப் பயம்.

பெத்தவங்க நோட்டீஸைப் பார்த்து பணம் கட்டல, உங்க ஸ்கூல் பேரைப் பார்த்து தான் கட்டறாங்க. ஸ்கூலே சொல்லுதுன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைக்கறாங்க. அறிவியல் மனப்பான்மையை வளர்க்கணும்னு அரசியலமைப்பு சட்டத்துல 51ஏ பிரிவுல அடிப்படைக் கடமையா எழுதி வெச்சிருக்கு, அதை நீங்களே ஏழாங்கிளாஸ் எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு சோசியல்ல நடத்தறீங்க. காலைல அந்தப் பாடம், சாயங்காலம் அதே ஹால்ல இந்த டெமோ, பசங்க எதை எடுத்துக்குவாங்க?

இவ்வளவு சொல்லியும் இல்ல, இது உண்மைதான்னு நினைக்கறவங்க இருக்கலாம். சரி, அவங்களுக்கும் நியாயமா ஒரு வழி இருக்கு. அக்ரிமென்ட் போடறதுக்கு முன்னாடி உங்க ரூம்லயே, கூட்டம் இல்லாம, குழந்தையை யாரும் மிரட்டாம பாருங்க. அஞ்சு கலர் கார்டு, கலைச்சுக் கலைச்சு 25 தடவை. கார்டைக் குழந்தை கைல குடுக்காதீங்க, நெத்திக்கு மேல ஒரு டீச்சர் பிடிக்கட்டும், தாடைக்குக் கீழ அகலமா ஒரு கார்ட்போர்டை வேற ஒருத்தர் பிடிக்கட்டும், டிரெயினரை வெளிய உக்கார வைங்க. சும்மா குத்துமதிப்பா சொன்னாலே சராசரியா அஞ்சு சரியா வரும், அதனால அஞ்சு ஆறு வந்தா அது ஒண்ணுமே இல்ல. மேடைல நூத்துக்கு நூறு சொல்றவங்க இங்க 20 சொல்லட்டும், உடனே மறுபடியும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க, அப்பவும் சொன்னா நானே வந்து உங்க கேட்ல நின்னு எல்லா பெத்தவங்ககிட்டயும் சேரச் சொல்றேன், மெடிக்கல் காலேஜுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். டிரெயினர் இந்த சோதனைக்கே வரலன்னாரா, அவர் குடுத்த நோட்டீஸைத் திருப்பிக் குடுத்து அனுப்பிடுங்க.

போன வருஷம் உங்க ஹால்ல இது நடந்திருந்தா, அந்தப் பெத்தவங்களுக்கு ஒரு சர்க்குலர் அனுப்பி பணத்தைத் திருப்பி வாங்கிக் குடுக்க முடியுமான்னு பாருங்க, முடியலன்னாலும் பசங்களை இனிமே சொந்தக்காரங்க முன்னாடி கண்ணைக் கட்டி உக்கார வைக்க வேண்டாம்னாவது அதுல எழுதுங்க. கார்ட்போர்டு பிடிக்க ஆள் வேணும்னா எங்க ஏரியா ஸ்கூல்ங்க எதுலயும் சனிக்கிழமை நான் வர ரெடி.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களைத் தனியார் பள்ளில படிக்க வைக்கற ஒரு அம்மா,
கோயம்புத்தூர்