பண்ணையைக் கூறுபோடாதீர்கள்: வங்கியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநில அளவிலான வங்கியாளர் குழுவினருக்கு,

வணக்கம். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே, திருவள்ளூர் மாவட்டத்தில் என் பெற்றோர் உழுதுவரும் ஒன்றரை ஏக்கரின் வரவு செலவையும் கவனித்துவருபவள் நான். ஒரு ஏக்கரில் நெல், மீதியில் கத்தரியும் வெண்டையும், வரப்பில் அகத்தி, தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள், சில ஆடுகள் என எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் பண்ணை. வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. சாணம் வயலுக்குத் திரும்புகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சம்பா மூழ்கி அழுகியபோது, பால் சங்கத்துப் பணத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

சென்ற மாதம் விவசாயக் கடன் அட்டையை (கிசான் கிரெடிட் கார்டு) புதுப்பிக்கப் போன என் தந்தையிடம், கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இருக்கும் நெல்லுக்கு மட்டுமே கடன் உண்டு, தீவனச் செலவெல்லாம் இதில் வராது என்று வங்கிக் கிளையில் சொல்லிவிட்டார்கள். கால்நடை, மீன் வளர்ப்பின் நடைமுறைச் செலவுக்கும் இந்த அட்டை பொருந்தும் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே வழிகாட்டியிருப்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை வேளாண் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆனாலும் புண்ணாக்குக்கும் தவிட்டுக்குமாக அம்மாவின் இரண்டு வளையல்கள் அதே கிளையின் நகைக்கடன் மேசையில் எடை போடப்பட்டன. அந்த வேலை மட்டும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

நாங்கள் கேட்பது ஒன்றே: பண்ணை முழுவதையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே மதிப்பீட்டில் பாருங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்தச் சிறு நிலத்தை வைத்துக்கொண்டு ஒற்றைப் பயிரை நம்பி எந்தக் குடும்பமும் பிழைக்க முடியாது. பயிரையும் கால்நடையையும் சேர்த்து நடத்தும் ஒருங்கிணைந்த பண்ணையத்தின் பெருமையை நகரத்து நட்சத்திர விடுதிகளில் குளிரூட்டிய அரங்குகளில் விளக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அங்கே திரையில் மேயும் மாட்டுக்குத் தீவனக் கடன் கிடைத்ததா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நெல், காய்கறி, கால்நடை மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தை ஏற்குமாறு எல்லாக் கிளைகளுக்கும் எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தவும், மறுக்கும் கிளை அதன் காரணத்தை எழுதித் தரவும் உங்கள் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் உழவரின் மகள்,
சென்னை.