‘மனநல ஆலோசனையும் பெறலாம்’

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் முதுகுவலி பற்றிய கட்டுரை படித்தேன். மெத்தை, நாற்காலி, பிசியோதெரபி எல்லாம் விரிவாகவே இருந்தன. கடைசியில் ஒரே ஒரு வரி: ‘வலி குறையாவிட்டால் மனநல ஆலோசனையும் பெறலாம்.’ என்னைப் போன்றவர்களை உறுத்துவதே அந்த வரிதான்.

தையல் தொழில் எனக்கு. ஆறு வருடமாக இடுப்புவலி. ஸ்கேனில் வயசுக்கேற்ற தேய்மானம்தான் என்றார்கள். டாக்டர் மனநல ஆலோசகருக்குச் சீட்டு எழுதியபோது, நான் நடிக்கிறேன் என்கிறாரோ என்று அழுகை வந்துவிட்டது. நாத்தனார் வேறு, “அப்பவே சொன்னேன்ல அண்ணி, எல்லாம் மனசுதான்” என்றாள். எட்டு மாதம் அந்தச் சீட்டு பீரோவிலேயே கிடந்தது.

அப்புறம் ஒருவழியாகப் போனேன். ஆலோசகர் முதலில் சொன்னதே, “உங்க வலி நிஜம்” என்பதுதான். மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில், காயம் ஆறியிருந்தாலும் நரம்பும் மூளையும் அபாயமணி அடித்துக்கொண்டே இருக்கலாமாம். பயமும் தூக்கமின்மையும் அந்தச் சத்தத்தைக் கூட்டுமாம்.

சின்ன வயசுக் கதையெல்லாம் கிளறுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். வலி இல்லாத நாளில் ஒரே மூச்சில் மூன்று ரவிக்கை தைப்பேன். அடுத்த இரண்டு நாள் படுக்கை. இதற்கு அவர் சொன்ன வழி: உட்கார்ந்து இருபது நிமிடத்தில் வலி தொடங்குகிறதா? அப்படியென்றால் பதினைந்தில் அலாரம். ரவிக்கையின் கை பாதி தைத்திருந்தாலும் சரி, ஊசியைத் துணியில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து வாசல் வரை நடக்க வேண்டும். வலிக்காதபோதே எழுவதுதான் பெரும்பாடு! இப்போது அலாரம் இருபத்தைந்து நிமிடத்துக்கு. குனிந்தால் எலும்பு நழுவிவிடும் என்ற பயமும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கித்தான் போனது.

வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இந்த மாதிரி மனநலச் சிகிச்சையால் சராசரியாகக் கிடைக்கும் பலன் சிறியதுதான் என்கிறது, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு. ஆனாலும் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல், அந்த வலிக்குப் பாராசிட்டமாலைத் தொடங்கவே வேண்டாம் என்கிறது. நான் விழுங்கிய மாத்திரைப் பட்டைகளை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக்கி, என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். மருத்துவர்களும் சீட்டு நீட்டும்போது “வலி நிஜம்தான், அதோடு வாழ்வதற்குத்தான் இது” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எனக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி