பெயின்ட் டின்னில் நாலு வரி தமிழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அப்பா தவில்காரர். அவருடைய செட்டு கல்யாணக் கச்சேரிகளுக்குப் போய்வர 1986-இல் வாங்கிய மெட்டடார் வேன் இன்னும் எங்கள் ஆடுதுறை வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. முகூர்த்த மாதங்களில் ஆறு பேரும் அதிலேயே படுத்து, பம்ப் ஸ்டவ்வில் காப்பி போட்டுக் குடித்து ஊர் ஊராகப் போனவர்கள். இன்ஜின் போய்ப் பல வருஷமாகிறது, விற்க மனசு வரவில்லை. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளும் அதில்தான் தூங்குவோம் என்று அடம் பிடிக்கிறார்கள்.

போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. தவில் பெட்டி கட்டும் கேரியரைக் கழற்றிய இடத்தில் எட்டு போல்ட் ஓட்டை, சுற்றிலும் துரு. உள்ளே சொட்டிய தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. கடையில் போய், "வேன் கூரைக்கு, வெயில் மழை தாங்குற வெள்ளை பெயின்ட்" என்று கேட்டேன். மொட்டை மாடிக்கு அடிப்பதை எடுத்துக் கொடுத்தார்கள். கார்த்திகையில் நாலு நாள் வெயில் காய்ந்தபோது அடித்தேன். மார்கழி முடிவதற்குள் வாழைப்பட்டை மாதிரி நீளநீளமாக உரிந்து வந்துவிட்டது.

மகள் டின்னை செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். சிமென்ட் பரப்புக்கு மட்டும் என்று கடுகளவு ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. கடைப்பையனைச் சொல்லி என்ன, அவனும் அதைப் படித்திருக்க மாட்டான்.

அப்புறம் மாசியில், பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு மறுபடி தொடங்கினேன். முதலில் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்றார். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாது. வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எங்கள் வேன் அதற்கு முப்பது வருஷம் மூத்தது. தேய்த்த தகரத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தேன். வெறும் தகரத்தை ஒரு ராத்திரி விட்டால் பனியில் மறுபடி துரு பூத்துவிடும்.

எனாமல் பெயின்ட்டின் முதல் பூச்சைக் காலை பத்து மணிக்கு, பனி நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தேன். பளபளவென்று வந்தது. அந்தத் தெம்பில் மறுநாள் இரண்டாவது பூச்சைச் சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்தது என் தப்பு. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், ஈர எனாமலை விடுமா? விடிந்து பார்த்தால் பின்பக்கக் கூரை சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நல்லவேளை, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நான் வாங்கிய மூன்று டின்களிலும் பெயரைத் தவிர ஒரு வார்த்தை தமிழ் இல்லை. எந்தப் பரப்புக்கு, முன்னால் என்ன பிரைமர், எவ்வளவு தின்னர், எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று நாலே வரி தமிழில் போடும்படி கம்பெனிகளுக்கு அரசு உத்தரவிட வேண்டும். இடமில்லை என்று சொல்ல முடியாது. எனாமல் டின்னில் பாதியை ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே அடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
தவில்காரர் வீட்டுப் பிள்ளை,
ஆடுதுறை.