படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை: கூரையும் சிவாவின் ஆறு பலகைகளும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் படிப்பகக் கட்டடத்தின் திருப்பணி முடிந்து, சாவி மறுபடியும் நூலகப் பொறுப்பாளர் கைக்குப் போய்விட்டது. மாலை வேளையில் வழக்கம்போலத் திறந்திருக்கிறது. என்ன வேலை நடந்தது, பணம் எப்படி வந்து எங்கே போனது, எது பாக்கி என்று சொல்ல வேண்டியது குழுவின் கடமை. அதோடு, முன்கூடத்தில் மாட்டியிருக்கும் சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கைப் பலகைகளைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கட்டட வேலையைவிட அதற்குத்தான் கூட்டங்களில் சத்தம் அதிகம்.

முதலில் கூரை. ஓடு மாற்றினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஓட்டை இறக்கியதும் ஆசாரி உளியை எடுத்து நடு விட்டத்தின் முனையில் லேசாகக் குத்தினார். சுவருக்குள் உட்கார்ந்திருந்த பகுதி ஒரு சாண் நீளத்துக்கு மாவாகக் கொட்டியது. வெளியே வார்னிஷ் பளபளப்பு, உள்ளே முழுக்கக் கரையான். இரண்டு விட்டங்களைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. கைமரங்களில் நல்லவற்றைப் பொறுக்கி, கரையான் மருந்து அடித்து மறுபடி ஏற்றினோம். ரீப்பர் எல்லாம் புதிது. சீமை ஓட்டில் உடையாததைத் தேய்த்துக் கழுவித் தெருப்பக்கச் சரிவில் போட்டிருக்கிறோம்; பின்பக்கம் புது ஓடு. நிறம் ஒட்டவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். நாலு மழை பார்த்தால் சரியாகிவிடும்.

சுவரில் ஓதம் ஏறியதற்குக் காரணம், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் பின்னாளில் பூசிய சிமென்ட். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே பூசச் சொன்னோம். அது காய நாளெடுக்கும், கூலியும் கூடும். ஆனாலும் அந்த முடிவில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தரை, வயரிங், இரண்டு அலமாரி, நீள மேசை ஆகியவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வந்து பார்த்தால் தெரியும்.

இனி பலகைகள். முன்பு வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை இருந்தது. சிவாவின் பெயர், பிறந்த நாள், மறைந்த நாள், நடுவில் ‘தியாகி’ என்ற ஒரு சொல். அவ்வளவுதான். பாப்பாரப்பட்டி நமக்குப் பக்கத்தில். அவர் கடைசி மூச்சை விட்ட ஊர் அது, இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும், படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் சிவா யார் என்று கேட்டால் ‘சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர்’ என்பதைத் தாண்டி ஒரு வரி வராது. அதனால் ஆறு பலகைகள் வைப்பதென்று பொதுக்குழுவில் தீர்மானித்தோம்.

முதல் பலகை இளமைக்காலம். 1884 அக்டோபர் 4ஆம் தேதி வத்தலக்குண்டில் பிறந்தார். வறுமை துரத்தியதால் மதுரை, திருவனந்தபுரம் என்று அலைந்தார். சிவகாசிக் காவல் நிலையத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து, மறுநாளே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் போலீசாரோடு அவருக்கு இருந்த உறவை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்துத் தரும பரிபாலன சமாஜத்தை நடத்தி நாட்டு விடுதலை பேசினார். சமஸ்தானம் சும்மா இருக்குமா? வெளியேற்றியது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டாவது பலகைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். கோரல் ஆலை வேலைநிறுத்தம் அந்த அளவுக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் நடத்திய அந்த நூற்பாலையில் கூலி குறைவு, வாராந்திர விடுமுறையும் கிடையாது. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சிவாவும் தூத்துக்குடியில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ரஷ்யாவில் புரட்சி நடப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால் நடந்த கதை இது. சிவாவை வெறும் மேடைப் பேச்சாளராக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பலகை முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பதற்காக இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னோம்.

மூன்றாவதில் ராஜத்துரோக வழக்கு. வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதை மார்ச் 9ஆம் தேதி கொண்டாடினார்கள். 12ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை: ஒன்று அவருடைய சொந்தப் பேச்சுக்கு, இன்னொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவாவுக்கு அப்போது வயது 23. பிறகு உயர் நீதிமன்றம் தண்டனைகளை ஆறாண்டாகக் குறைத்தது.

நான்காவது பலகையில்தான் சிக்கல் வந்தது. சிவா திருச்சி, சேலம் சிறைகளில் இருந்தார். அந்தக் காலத்தில்தான் அவருக்குத் தொழுநோய் கண்டது. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது உடலில் நோய் இருந்தது. சாகும்வரை அது விடவில்லை. இதைச் சுவரில் எழுதத்தான் வேண்டுமா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். ‘அவ்வளவு பெரிய மனுஷரை அந்த நோயோடு சேர்த்தா பிள்ளைகளுக்குக் காட்டுவது? மரியாதையாக இருக்குமா?’ என்பது அவர்கள் வாதம். தப்பாகச் சொல்லவில்லை, அந்த நோயின் பேரால் குடும்பங்களை ஊர் ஒதுக்கியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது.

நம் உறுப்பினர்களில் சுகாதாரத் துறையில் தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். கூட்டத்தில் அதிகம் பேசாதவர். அன்றைக்கு எழுந்தார். ‘நான் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்தவன். மறைக்க வேண்டிய நோய் என்று நாமே சுவரிலிருந்து எடுத்துவிட்டால், பிறகு எந்த முகத்தோடு நான் அவர்களிடம் வெளியே வாங்க என்று சொல்லியிருக்க முடியும்?’ என்றார். கூட்டுமருந்து சாப்பிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குணமாகிவிடும், மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம் என்றும் சொன்னார். சிவாவின் காலத்தில் அந்த மருந்து இல்லை. அப்புறம் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

இன்னொரு திருத்தமும் அவர் சொன்னதுதான். சிறையில் ஆட்டு ரோமம் சுத்தம் செய்ய வைத்ததால் நோய் வந்தது என்று முதலில் எழுதியிருந்தோம். பல இடங்களிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது கிருமியால் வரும் நோய், அறிகுறி தெரியவே வருடக்கணக்கில் ஆகும் என்று அவர் விளக்கியதும் அந்த வரியை எடுத்துவிட்டோம். ‘சிறையில் இருந்த காலத்தில் தொழுநோய் கண்டது’ என்று மட்டும் இருக்கிறது. சிறையின் கொடுமையைக் காட்ட அதற்கு மேல் ஜோடனை வேண்டாம்.

அந்த உடம்போடு அவர் செய்த வேலைகள் ஐந்தாவது பலகையில் இருக்கின்றன. 1913இல் ‘ஞானபாநு’ பத்திரிகையைத் தொடங்கினார். பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். 1915இல், வடமொழி கலக்காமல் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறவருக்கு 5 ரூபாய் பரிசு என்று அதில் போட்டி வைத்தார். அதே வருடம் மனைவி மீனாட்சி அம்மாள் காலமானார். தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தபோது கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பேச்சை நிறுத்துவதற்குத்தான் இந்தத் தடை என்று இதைப் படிக்கும் யாருக்கும் புரியும். பலகையில் அதை நாங்கள் விளக்கவில்லை.

கடைசிப் பலகை பாப்பாரப்பட்டி. அங்கே நிலம் வாங்கி, பாரதாசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பத் திட்டமிட்டார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். பணம் திரட்ட அலைந்தார், உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1925 ஜூலை 23ஆம் தேதி அங்கேயே காலமானார். நாற்பது வயது முடிந்து, 41 ஆகவில்லை. அவர் நினைத்த பாரத மாதா நினைவாலயம் 2021இல்தான் அரசின் கட்டடமாகத் திறக்கப்பட்டது. நன்கொடை கேட்டு நாங்கள் போனபோது ‘எப்போ முடிப்பீங்க?’ என்று நம்மைக் கேட்டவர்களுக்கு இந்தப் பலகையைக் காட்ட வேண்டும் என்று பொருளாளர் சொன்னார். வேடிக்கைக்குத்தான்.

சரி, கணக்கு. உறுப்பினர்கள் நன்கொடை ரூ. 3,42,500. வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பியது ரூ. 1,85,000. பழைய மரமும் ஓடும் விற்றது ரூ. 21,400. வங்கியில் இருந்த இருப்பு ரூ. 64,000. ஆக வரவு ரூ. 6,12,900. செலவில் கூரைக்கும் மரவேலைக்கும் ரூ. 2,96,000, பூச்சுக்கும் தரைக்கும் ரூ. 1,38,500, மின்வேலைக்கு ரூ. 42,300, அலமாரி, மேசைக்கு ரூ. 58,000, பலகைகளுக்கு ரூ. 46,700. மொத்தம் ரூ. 5,81,500. கையில் இருப்பது ரூ. 31,400. திறப்பு விழா என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. வந்தவர்களுக்குக் கொடுத்த சுண்டல், காப்பி குழு உறுப்பினர்களின் சொந்தச் செலவு. ரசீதுகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பாக்கி இருப்பது கழிப்பறை. பின்பக்கம் அஸ்திவாரம் மட்டும் போட்டிருக்கிறோம். கையிருப்பு அதற்குப் போதாது. அடுத்த பொதுக்குழுவில் மதிப்பீட்டை வைக்கிறோம். ஓட்டை இறக்குவதற்கு முன்னால் பத்திரமாக இருக்கட்டும் என்று புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போன உறுப்பினர்கள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, நூலகப் பொறுப்பாளரின் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். அலமாரியில் இரண்டு தட்டு இன்னும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்