அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மாணவர் ஓவியங்களுக்கு ஒதுக்கும் பக்கத்தைத் தவறாமல் பார்ப்பவள் நான். இரண்டு வாரத்துக்கு முன் அதில் ஓர் அரூப ஓவியம், அதாவது எந்தப் பொருளின் உருவத்தையும் அப்படியே காட்டாத ஓவியம், வந்தது. அதைப் பற்றிச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இயற்கை என்று தலைப்பு வைத்திருக்கிறார்களே, இதில் இலை எங்கே, மரம் எங்கே, தாளில் சேற்றைக் கொட்டியதுபோல் அல்லவா இருக்கிறது என்பது அவருடைய புகார். அவரோடு சண்டை போட இதை எழுதவில்லை. மூன்று வருடம் முன்பாக இருந்தால் அந்தக் கடிதத்தை நானே எழுதியிருப்பேன்.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. 28 வருடம் மாணவர்களின் இலைப் படங்களுக்கு மதிப்பெண் போட்டவள். நரம்பு சரியாக ஓடுகிறதா, விளிம்பில் பல் இருக்கிறதா, காம்பு எங்கே சேர்கிறது, பாகங்களைக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்தே பழகிய கண். என் மகள் நுண்கலை படிக்கிறாள், இப்போது கடைசி வருடம். அவளுடைய போர்ட்ஃபோலியோ, அதாவது படைப்புகளைச் சேர்த்துவைக்கும் அந்தப் பெரிய கறுப்பு உறை, எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறது. அது எப்படி மாறிக்கொண்டே வந்தது என்று கூடவே இருந்து பார்த்ததால் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

முதல் வருடம் அவள் கொண்டுவந்த படங்கள் எல்லாமே எனக்குப் பிடித்தவை. பேனாவும் நீர்வண்ணமும்தான். பெரணி இலையின் அடிப்பக்கத்தில் வித்துகள் உண்டாகும் வித்தகத் தொகுதிகள் புள்ளி புள்ளியாக இருக்குமே, அதில் ஒன்றைக்கூட விடவில்லை. என் வகுப்பு என்றால் பத்துக்குப் பத்து. அவளுக்கு மட்டும் திருப்தி இல்லை. “இதை உங்க பாடப்புத்தகத்துலயே போட்டுடலாம்மா” என்றாள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பேனாவை வைத்து வரைவது குறைந்துபோய், தேய்ப்பது ஆரம்பித்தது. நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்த்து விளையாடியிருப்போம், அதேதான். மரப்பட்டை, கல், காய்ந்த இலை என்று கண்ணில் பட்டதன் மேலெல்லாம் மெல்லிய தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்தாள். இதற்கு ஃப்ராட்டாஜ் என்று பெயராம். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925இல் மரப்பலகைத் தரையின் ரேகைகளைத் தாளில் தேய்த்து எடுத்ததில் தொடங்கியது என்று அவள்தான் சொன்னாள். சரி, செடியைத் தொட்டுத்தானே செய்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பச்சை இலைகளை அப்படியே வெள்ளைப் பசையில் ஒட்டினாள். பத்தே நாளில் பூஞ்சை. இந்த ஓர் இடத்தில் நான்தான் அவளுக்குக் குரு. செடியை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும், தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இலை முறுகும்வரை பொறுமை வேண்டும் என்று ஹெர்பேரியம், அதாவது உலர்செடித் தொகுப்பு, செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். இலை காய்ந்தது, பூஞ்சை வரவில்லை. ஆனால் பச்சை நிற்கவில்லை. நிற்காது. பச்சையம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், இலை பழுத்துப் பழுப்பாகிவிடும். இதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று இரண்டு மாதம் தேடினாள். பிறகு ஒருநாள், இலைகள் ஒட்டிய ஒரு தாளின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டாள். சில வாரம் கழித்து எடுத்தபோது மூடிய பாதி மங்கிய பச்சை, மூடாத பாதி வைக்கோல் நிறம், நடுவில் கத்தி போட்டதுபோல் ஒரு கோடு. அந்தக் கோட்டை அவள் வரையவில்லை. வெளிச்சம் வரைந்தது. போர்ட்ஃபோலியோவில் இன்றும் அந்தத் தாள் இருக்கிறது.

இலைகளைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுச் சதையை அழுகவிட்டு, நரம்பு வலையை மட்டும் பிரித்தெடுத்த மாதத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

சயனோடைப் செய்தபோதுதான் நான் முழுமனதாக அவள் பக்கம் சாய்ந்தேன். இரும்பு உப்புகள் கலந்த கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் உலரவைத்து, மேலே செடியை வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும். தண்ணீரில் அலசினால் செடி இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கிவிட்டார். அவர் தாவரவியல் அறிந்தவர், எங்கள் ஆள். ஓவியமும் தாவரவியலும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று அன்று எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த நிம்மதி ஒரு பருவம்கூட நீடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் அறைக்குள் போனால், முதல் வருடப் படங்களை உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெரணி உட்பட. கோபத்தில் கிழிக்கவில்லை, மிக நிதானமாக, ஓரத்தில் வெள்ளை நார் தெரியும்படி. கிழித்ததைப் பலகையில் ஒட்டி, மேலே ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சைத் தடவி, அது காய்ந்ததும் சில இடங்களை மணல்தாளால் தேய்த்தாள். உள்ளே புதைந்த பெரணியின் ஒரு நரம்பும் நாலு புள்ளிகளும் மட்டும் எட்டிப்பார்த்தன. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “அம்மா, உங்க பழைய ஹெர்பேரியம் ஷீட் ஒண்ணு தருவீங்களா” என்று கேட்கிறாள்! என் கல்லூரிக் காலத்துத் தாள்கள் அவை. செடியின் பெயர், குடும்பம், சேகரித்த தேதி எல்லாம் என் பத்தொன்பது வயதுக் கையெழுத்தில் சீட்டில் இருக்கும். முடியாது என்றேன். ஒரு வாரம் கழித்து, பூச்சி அரித்த ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். டிரைடாக்ஸ் புரோகம்பன்ஸ், எங்கும் முளைக்கும் சாதாரணக் களைதான். செடி ஏற்கெனவே பாதி உதிர்ந்திருந்தது. சீட்டு மட்டும் நன்றாக இருந்தது.

அவள் செடியை விட்டுவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டாள். ஆளுயரப் பலகை ஒன்றில் சாம்பலும் காவியுமாய் அடுக்கடுக்கான பூச்சுக்கு நடுவே, கீழ் மூலையில் அந்தச் சீட்டு. மேலே செடி எதுவும் இல்லை. பெயர் இருக்கிறது, பெயருக்குரியது போய்விட்டது. பார்த்துவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு உண்மையில் விளங்கியது அதற்குப் பிறகு வந்த மரப்பட்டைத் தொடரில்தான். அதில் ஏழு பலகைகள். அடியில் இளகிய பூச்சு, அதன் மேல் சீக்கிரம் இறுகும் பூச்சைத் தடிமனாகப் போட்டுக் காயவிட்டிருந்தாள். காயும்போது மேல்பூச்சு சுருங்கியது, ஈடுகொடுக்க முடியாமல் நீள நீளமாகப் பிளந்தது. வெடிப்புக்குள் கரித்தூளைத் தேய்த்துவிட்டுத் துடைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் இத்தனை வருடம் கரும்பலகையில் நான் வரைந்த குறுக்குவெட்டுப் படம் ஞாபகம் வந்தது. மரம் உள்ளேயிருந்து பருத்துக்கொண்டே போகிறது. வெளிப்பட்டையோ செத்த திசு, அதனால் கூடவே வளர முடியாது. ஆகவே வெடிக்கிறது. ஓரிடத்தில் உள்ளே பெருக்கிறது, இன்னோரிடத்தில் மேலே சுருங்குகிறது, இரண்டிலும் தோலுக்கு நேர்வது ஒன்றுதான். இவள் பட்டையைப் பார்த்து வரையவில்லை. பட்டைக்கு நேர்வதைப் பலகைக்கும் நேரவைத்திருக்கிறாள். இதில் மரம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வெடிப்பில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

மரத்திலிருந்து அரூபத்துக்குப் போன வழியைப் படிப்படியாகக் காட்டிய ஓவியர் பீட் மோந்திரியான். 1908 வாக்கில் அவர் வரையத் தொடங்கிய சிவப்பு மரத்தை எந்தக் குழந்தையும் மரம் என்று சொல்லிவிடும். 1911இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில் கோடுகள் மட்டும்தான் மிச்சம். அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தனியாக நீட்டினால் நானும் உதட்டைப் பிதுக்குவேன். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு மனிதர் நாலைந்து வருடமாக மரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.

எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்க நான் தயாரில்லை. காய்ந்த பூக்களை வட்டமாக அடுக்கிப் பளபளப்பான வார்னிஷ் பூசிய மூன்று படங்கள் வாழ்த்து அட்டையைத் தாண்டவில்லை. அவளிடமே சொல்லிவிட்டேன். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் என்ற, தண்ணீர் கலந்து பூசும் வண்ணத்தைப் பூசிய ஒரு பலகை ஆறே மாதத்தில் உரிந்து தொங்கியது. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெயின் மேல் அக்ரிலிக் பிடிக்காது என்பதை அவள் அப்படித்தான் படித்தாள். இப்படிப் பல பொருள்களைச் சேர்த்துச் செய்வதற்கு மிக்ஸட் மீடியா என்று பெயர். மிக்ஸட் மீடியா என்றால் கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுவது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பலகையைக் காட்டலாம். எதன் மேல் எது பிடிக்கும், எது எதைத் தின்னும் என்று தெரியாமல் அந்த வேலை நடக்காது.

இந்த வருடம் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். முடிந்த படைப்புகள் 12 மட்டும் கொண்டுவர வேண்டும், பயிற்சித் தாள்கள் வேண்டாம் என்று குறிப்பில் இருந்தது. நாற்பதுக்கும் மேலானவற்றைத் தரையில் பரப்பி, மூன்று நாள் எடுத்தும் மாற்றியும் வைத்தாள். ஜன்னலோரத் தாள் வெளியே போனது, சயனோடைப் போனது, தேய்ப்புத் தாள்கள் எல்லாம் போயின. நேர்முகத்தில் ஒருவர் பட்டைத் தொடரைப் புரட்டிவிட்டு, “வரையத் தெரியுமா?” என்று கேட்டாராம். இன்னொருவர், “இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள்? உங்கள் ஸ்கெட்ச் புத்தகம் எங்கே?” என்றாராம். வீட்டில் கதவுக்குப் பின்னால் இருந்தது. இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், அவளைவிடச் சிறப்பாகச் செய்தவர்கள் வந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி சரியான கேள்வி.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் மாணவர் பக்கத்தில் ஓவியத்தின் கீழே பெயரும் வகுப்பும் மட்டும் போடுகிறீர்கள். அதோடு இரண்டு வரி சேருங்கள். எதனால் ஆனது, எத்தனை செ.மீ. அகலம், எத்தனை உயரம் என்று. ஒரு ஆள் உயரப் படம் உங்கள் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடுகிறது. அச்சின் நாலு வண்ண மைப் புள்ளிகளில் மேடு எது, பள்ளம் எது, ஒட்டியது எது, பூசியது எது என்று யாருக்கும் தெரியாது. அந்த வாசகருக்குச் சேறாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழவைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மேற்பரப்பின் நிழல்களாவது தெரியும். முடிந்தால், அதே மாணவர் ஒரு வருடம் முன்பு செய்த தாள் ஒன்றையும் பக்கத்தில் சின்னதாகப் போடுங்கள். தோற்றுப்போன தாளாக இருந்தால் இன்னும் நல்லது.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள். வெளியானால் அன்று இரண்டு பிரதி வாங்க வேண்டியிருக்கும். அவள் இப்போது செய்தித்தாளில் இறங்கியிருக்கிறாள். மரத்தை அரைத்துச் செய்த தாள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை நீக்காத தாள், அதனால்தான் வெயிலும் காற்றும் பட்டதும் மஞ்சளாகிறது என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் தங்கள் படங்களில் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள்கூட இப்போது பழுப்பேறித்தான் இருக்கின்றன என்று அவள் திருப்பிச் சொன்னாள். அன்றிலிருந்து உங்கள் நாளிதழ் எங்கள் வீட்டில் ஒரு நாளுக்கு மேல் முழுசாக இருப்பதில்லை. ஒரு பிரதியைப் பீரோவில் பூட்டிவைத்துக்கொள்கிறேன். இன்னொன்றை அவள் கிழித்து ஜன்னலோரம் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர்