சம்பாரண்: 1917-க்கு முன்னும் போராட்டம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம். பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் நடந்த சத்தியாகிரகம் பற்றிய தங்கள் தலையங்கம், அவுரி (நீலச் சாயம் தரும் செடி) விவசாயிகளின் எதிர்ப்பே 1917-இல் காந்தியடிகள் வந்த பிறகுதான் தொடங்கியது போன்ற தோற்றத்தைத் தருகிறது. பிகா என்ற நில அளவின் 20 சம பங்குகளான கட்டாக்களில் 3 கட்டாவை வெள்ளைத் தோட்ட முதலாளிக்காக அவுரிக்கு ஒதுக்கியே தீர வேண்டும் என்ற 'தீன்கட்டியா' முறையை எதிர்த்து, ஷேக் குலாப் போன்ற உள்ளூர் விவசாயிகளின் தலைமையில் 1907-08-லேயே அங்கே கிளர்ச்சி எழுந்தது. வங்காளத்தின் நதியா மாவட்ட விவசாயிகளோ 1859-லேயே அவுரி விதைக்க மறுத்துவிட்டனர்.

வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் 20 கட்டங்கள் வரைந்து மூன்றுக்கு மட்டும் நீலச் சுண்ணக்கட்டியால் வண்ணம் தீட்டியபோது, "மீதி 17 இருக்கிறதே, சார்!" என்றான் ஒரு மாணவன், பெரும்பாலும் நல்ல மண்ணாகப் பார்த்தே அந்த மூன்றும் கேட்கப்பட்டன என்று சொன்ன பிறகே அவனுக்கு விளங்கியது. காந்தியடிகளின் பங்கைக் குறைப்பது என் நோக்கமன்று. அந்த முன்னோடி விவசாயிகளைப் பற்றியும் தாங்கள் ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்.