உன் நாயகியைப் பற்றி வாசகர்கள் சொன்னவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மாயாஜால நாவலைப் பற்றி நீ அனுப்பிய வாசகர் கருத்துகள் முழுவதையும் படித்தேன். "நாயகிக்கு எல்லாமே தெரிகிறது, நம்பவே முடியவில்லை" என்கிறார் ஒருவர். "பேருக்குத்தான் வீராங்கனை, கடைசியில் இளவரசன்தானே வந்து காப்பாற்றுகிறான்" என்கிறார் இன்னொருவர். நாவலைத் திருத்தும்போது யார் பேச்சைக் கேட்பது என்று குழம்பிப்போயிருக்கிறாய். இரண்டு பேருமே ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். உன் நாயகி ஜெயிக்கும்போது அவள் கையைவிட்டு எதுவும் போவதில்லை. தோற்கும்போது அந்தத் தோல்வி அவள் எடுத்த முடிவால் வருவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படி, பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் நட்சத்திரக் கணக்கை விட்டுவிடு. வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் மூன்று நட்சத்திரம் என்றால் அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கப்படி "பிடித்திருந்தது" என்று அர்த்தம். இரண்டு என்றால் "பரவாயில்லை". மற்ற இடங்களில் பலர் மூன்றையே "சுமார்" என்ற எண்ணத்தில் போடுகிறார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. மூன்று நட்சத்திரம் போட்டவர்களை முதலில் படி. புத்தகத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, எங்கே இடறியது என்று பொறுமையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஐந்து போட்டவர்கள் சந்தோஷத்தில் விவரம் எழுதுவதில்லை. ஒன்று போட்டவர்களில் பலர் இந்த வகை நாவலே பிடிக்காதவர்கள்.

ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்: எந்த அத்தியாயம், வாசகருக்கு என்ன தோன்றியது, அவர் சொல்லும் தீர்வு, எத்தனை பேர் சொன்னார்கள். மூன்றாவது பத்தியை எழுதி வை, ஆனால் அப்படியே கேட்டு நடக்காதே. இரண்டாவது பத்திதான் முக்கியம். இன்னொன்று, வாசகர் சுட்டும் பக்கத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். அதற்கு முன்னால்தான் இருக்கும். இருபத்து நான்காம் அத்தியாயத்துக் கோட்டைச் சண்டை நம்பும்படி இல்லை என்று ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சண்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அவள் பயிற்சியை "மாதங்கள் உருண்டோடின" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். அவள் குறி தவறவிட்டதையும், வலியில் கையைத் தூக்க முடியாமல் கிடந்ததையும் பார்க்காத வாசகர், சண்டையில் அவள் ஜெயிப்பதை மட்டும் எப்படி நம்புவார்? பாதியில் மூடி வைத்தவர்கள் எந்தப் பக்கத்தில் விட்டார்கள் என்று சொல்லியிருந்தால் அதையும் குறித்துக்கொள். நாலைந்து பேர் அடுத்தடுத்த பக்கங்களில் விட்டிருந்தால், அதற்கு முந்தைய அத்தியாயத்தைத் திருத்து.

"மேரி சூ" என்று இரண்டு பேர் எழுதியதில் நீ நொந்துபோயிருக்கிறாய். 1973-ல் பௌலா ஸ்மித் என்பவர், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் எழுதிக் குவித்த கதைகளைக் கிண்டல் செய்து எழுதிய குட்டிக் கதையில் வரும் பெண் அவள். பதினைந்தரை வயதிலேயே விண்கப்பலில் லெப்டினன்ட். எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும், எல்லாரையும் அவளே காப்பாற்றுவாள். இன்று கொஞ்சம் திறமை உள்ள நாயகி எவள் வந்தாலும் அந்தப் பட்டத்தை ஒட்டிவிடுகிறார்கள். அது நியாயமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த அத்தியாயத்தை நகல் எடுத்து, நாயகியின் பெயருக்குப் பதில் ஒரு பையன் பெயரைப் போட்டு உரக்கப் படி. அப்போதும் உறுத்தினால் குறை உண்மை, திருத்து. உறுத்தாவிட்டால் அது வாசகரின் பழக்கம், விட்டுவிடு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் தளபதியை எதிர்த்துப் பேசும் இடம் அப்படித்தான். அதைத் தொடாதே.

ஆனால் ஆயுத விஷயத்தில் வாசகர்கள் உன்னைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். வாள் கனம் என்று அவளுக்கு வில்லைக் கொடுத்திருக்கிறாய். நிலைமை நேர்மாறு. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கையால் வீசிய வாள்கள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோதான். போர் வில் அப்படி இல்லை. 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த வில்களை முழுக்க இழுக்க 45 முதல் 80 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோள் எலும்பில் காணும் மாற்றத்தைச் சிறு வயதிலிருந்தே செய்த வில் பயிற்சியோடு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள். வேட்டை வில் என்றால் இருபது கிலோ போதும். ஆனால் அது கவசத்தைத் துளைக்காது. ஆகவே அவள் கையில் வேட்டை வில் இருக்கட்டும், குறி கவசம் மூடாத இடமாக இருக்கட்டும்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நாணைக் காதுவரை இழுத்துப் பிடித்தபடி முக்கால் பக்கம் வசனம் பேசுகிறாள். போர் வில்லை அப்படிச் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்க முடியாது, வேட்டை வில்லானாலும் அவ்வளவு நேரம் தாங்காது, முதுகும் கையும் நடுங்கிவிடும். வசனத்தை முதலில் பேசவிடு, பிறகு அம்பைப் பூட்டு.

அதே அத்தியாயத்தில் அவள் மழையை வரவழைக்கிறாள், அவள் ஆட்கள் உடனே அம்பு மாரி பொழிகிறார்கள். தோலிலும் நரம்பிலும் திரித்த நாண் நனைந்தால் தளரும், அம்பு பாதி வழியில் விழும். ஒரு வாசகர் இதைப் பெரிய ஓட்டை என்று எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ புத்தகத்திலேயே உனக்குக் கிடைத்த மிக நல்ல வாய்ப்பு இதுதான். மழை வந்தால் எதிரியின் குதிரைகள் சேற்றில் சிக்கும், ஆனால் அவளுடைய வில்லாளிகளும் வெறுங்கையாக நிற்பார்கள். அது தெரிந்தே அவள் மழையை அழைக்கட்டும். யாரை முன்வரிசையில் நிறுத்துவது என்று அவளே சொல்லட்டும். அந்த வரிசையிலிருந்து திரும்பாதவர்களின் பெயர் அடுத்த அத்தியாயத்தில் அவள் வாயிலிருந்து வரட்டும். "ரொம்ப பலசாலி" என்று எழுதியவரே பிறகு அவளை விடமாட்டார்.

மந்திரம் முழுவதற்கும் ஒரே பக்கத்தில் விதி எழுதிச் சுவரில் ஒட்டு. எதைச் செய்யும், எதைச் செய்யாது, உடம்பிலிருந்து என்ன எடுக்கும், மீள எவ்வளவு நேரம் ஆகும். பிறகு அவள் சக்தியைப் பயன்படுத்தும் இடம் ஒவ்வொன்றையும் அதோடு ஒத்துப்பார். ஆற்றையே திருப்பியவள் அடுத்த நாள் காலையில் கிணற்று நீரைத் தூக்க முடியாமல் தவிக்கிறாள் உன் கதையில். காரணம் எங்கேயும் இல்லை.

அடுத்து, இளவரசன் காப்பாற்றும் இடம். அவனை நீக்கு என்று ஒன்பது பேர் சொல்கிறார்கள், நீக்க வேண்டாம். உர்சுலா லெ குவின் 1971-ல் வெளியிட்ட 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலை இதற்காகவே எடுத்துப் படி. இருட்டு நிலவறையில் சிக்கிய மந்திரவாதி உயிரோடு இருப்பதும் சாவதும் டெனார் என்ற அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. வெளியேறும்போது நிலம் இடியாமல் தாங்குவது அவன் சக்தி. எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்பது அவள் மனப்பாடம். யார் யாரைக் காப்பாற்றினார் என்று பிரிக்கவே முடியாது. உன் கதையிலும் இளவரசன் வரட்டும். பதினைந்தாம் அத்தியாயத்தில் அவள் அவனைக் கொல்லாமல் விட்டதால் வரட்டும். அந்த முடிவை அப்போது எல்லாரும் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அதன் தொடர்ச்சியாக லெ குவின் எழுதி 1990-ல் வந்த 'டெஹானு'வில் அதே டெனார் நடுவயது விதவை, மந்திரம் இல்லை, வாள் இல்லை. அந்த நாவல் அறிவியல் புனைவுக்கும் மாயாஜாலக் கதைகளுக்கும் தரும் நெபுலா விருது பெற்றது, பழைய வாசகர்கள் பலருக்கு ஏமாற்றமாகவும் இருந்தது. சண்டை போடாத பெண்ணை வலிமையானவள் என்று ஏற்காத வாசகர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக உன் நாயகியின் அத்தை கையில் வாளைத் திணிக்காதே.

மற்றப் பெண்கள் எல்லாரும் பொறாமைக்காரிகளாக இருக்கிறார்கள் என்ற குறை சரிதான். பெயர் உள்ள பெண்களை வரிசையாக எழுதி, நாயகியோடு சம்பந்தமில்லாமல் ஒவ்வொருத்தியும் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரி எழுது. வரி வராத பாத்திரத்தை நீக்கு, இல்லை இன்னொருத்தியோடு சேர்த்துவிடு.

சொல்லாமல் விட்டாலும் வாசகர்களை உறுத்தியிருக்கும் ஒன்று: தளபதி "வந்தார்", குரு "சொன்னார்", அரியணை ஏறிய பிறகும் உன் நாயகி "வந்தாள்". அவள் பார்வையில் நகரும் பகுதிகளில் அப்படியே இருக்கட்டும். மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசும் வசனங்களில் எந்த அத்தியாயத்திலிருந்து மரியாதை ஏறுகிறது என்று தீர்மானித்து, அங்கிருந்து மாறாமல் எழுது. முதலில் மரியாதை கொடுப்பவர் யார் என்பதே ஒரு நல்ல காட்சியாகும். "வீரமங்கை", "அஞ்சாநெஞ்சம்" என்று கோப்பில் தேடிப்பார். பிறர் அவளைப் புகழும் இடங்களில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டு.

அவள் கோபக்காரி என்று சிலரும், போதுமான கோபம் இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள். அந்த முரண்பாடு இருக்கட்டும், பாத்திரம் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் உன் கதையில் வரும் கடிதம் யாரிடம் இருந்தது என்பதில் வாசகர்கள் முரண்பட்டால் எழுத்து தெளிவாக இல்லை. அதை இந்த வாரமே சரிசெய்.

யாருக்கும் பதில் எழுதாதே, நன்றி சொல்லக்கூட வேண்டாம். ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த புத்தகத்துக்கு மனதில் உள்ளதை எழுதமாட்டார்கள்.

ஏழாம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பி, பிறகு பத்தொன்பது. இரண்டும் முடிந்ததும் எனக்கு அனுப்பு. மற்றதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா